பார்த்த தேதி, நேரம்

"லைன்ல பழுதே இல்ல சார்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் டெலிபோன் லைன்மேன் துரைராஜ். ஏணி ஏறி இறங்கி முட்டி கடுத்தது. புகார்ப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

பேராசிரியர் ராகவேந்திரன் விடுவதாயில்லை. "பொங்கலுக்கு மறுநாள், கனு அன்னிக்கு, நங்கநல்லூர்ல அக்கா ஆத்துக்குச் சீர் கொண்டு போனேன். அங்கேர்ந்து காலம்பற ரெண்டு மணி நேரம் மாத்தி மாத்திப் போட்டேன், எங்கேஜ்டு. ஆத்துல இவ ஒருத்திதான். பழுது இல்லாம எப்படி?"

அவர் மனைவி காமாக்ஷி அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். "இன்னிக்கு நன்னாத்தானே இருக்கு, விடுங்கோளேன்."

"விட முடியாதும்மா. இந்தக் கட்டத்துல காரணம்னு ஒண்ணு எழுதணும். எழுதலன்னா ஆபீஸ்ல என்னைத்தான் குடைவாங்க" என்றார் துரைராஜ்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றார் பேராசிரியர். "நானும் அதைத்தான் கேக்கறேன்."

மேஜை மேல் ஒரு கட்டுரைக் கட்டு கிடந்தது. தபால் வழி எம்.ஏ. படிக்கும் இதே மயிலாப்பூர்க்காரர்கள் எழுதி, அவர் திருத்துவதற்கு வந்தது. பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

"இன்டர்நெட்ல பார்த்து எழுதினா எந்தப் பக்கம், யார் எழுதினது, எந்தத் தேதி எத்தனை மணிக்குப் பார்த்ததுன்னு கீழே போடணும்னு சொல்லியிருக்கு. எல்லாரும் இன்டர்நெட்னு ஒரு வார்த்தை எழுதிட்டுக் கையைக் கழுவிட்டா. ஒருத்தன் மட்டும் அத்தனையும் போட்டிருக்கான்." டைப் அடித்த தாள்களை உருவிக் காட்டினார்.

"கில்லாடி சார் அவன்."

"பொய்யன். பார்த்தது ஜனவரி பதினஞ்சு, காலை பத்தே முக்கால்ங்கறான். அன்னிக்கு எந்த பிரவுசிங் சென்டர் தொறந்திருந்தது?"

"மாட்டுப் பொங்கலாச்சே. டீக்கடையே தொறக்கல சார். வூட்டுலயே பாத்திருப்பானோ இன்னாவோ."

"ஆத்துல கம்ப்யூட்டரும் போனும் வெச்சிண்டிருக்கறவன் எதுக்குத் தபால்ல படிக்கறான்? நீயே சொல்லு, உன் ஏரியாவுல யார் ஆத்துல இன்டர்நெட் இருக்கு?"

துரைராஜ் விரல் விட்டு எண்ணினார். "மூணு டாக்டரு. ஒரு ஆடிட்டரு. அப்பறம் நீங்க."

மூலையில் பூத்தையல் உறை போட்டு மூடிய கம்ப்யூட்டர் இருந்தது. போன் லைனைப் பிடித்துக்கொண்டுதான் அதில் இன்டர்நெட் வரும். மகன் கிரீஷ் அமெரிக்கா போகும்போது வாங்கி வைத்தது. பேராசிரியர் அதன் பக்கமே போவதில்லை. மகனுக்குப் பதில் போடுவதெல்லாம் காமாக்ஷி அம்மாதான்.

"டாக்டரும் ஆடிட்டரும் சரித்திர எம்.ஏ. எழுதப் போறாளா?" சிரித்தபடி சிவப்புப் பேனாவைத் திறந்தார் ராகவேந்திரன். "பொய்த் தகவல்னு எழுதி, சைபர் போட்டு அனுப்பிடறேன்."

"சைபர் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் காமாக்ஷி அம்மா. காலி டம்ளரை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

"ரெண்டு வருஷப் படிப்பு அம்பேல். மறுபடி மொதல்லேர்ந்து வரட்டும். கட்டுரை என்னமோ நன்னாத்தான் இருக்கு, பழைய மெட்ராஸ் டிராம் வண்டியைப் பத்தி. எழுபது போட்டிருப்பேன்."

"எழுபதா?"

"எழுபத்தஞ்சே போடலாம். பொய் சொல்லிட்டானே."

துரைராஜ் புத்தகத்தை நீட்டினார். "சார், காரணம் இன்னான்னு போடட்டும்? கோபாலபுரத்துல இன்னொரு கம்ப்ளெயின்ட் கீது."

காமாக்ஷி அம்மா மேஜையில் கிடந்த மூடியை எடுத்தார். புருஷன் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி, நிதானமாக மூடி வைத்தார். பிறகு துரைராஜ் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோப்பா. கனு அன்னிக்குக் காலம்பற ரெண்டு மணி நேரம், இந்தாத்து மாமி இன்டர்நெட்ல டிராம் வண்டி பார்த்துண்டிருந்தா."