கிளம்பும்போது ஒரு டீ

"மறுபடியுமாடா?"

பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடிவந்த மகன், கழிவறைக் கதவைப் பிடித்தபடி நின்றான். கப்பலில் வெல்டர் வேலைக்கான இன்டர்வியூ இந்நேரம் தொடங்கியிருக்கும். போன இரண்டு முறையும் இதே கதைதான்.

"நான் சரியான தொடைநடுங்கிம்மா. கப்பல்னாலே வயித்தக் கலக்குது. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்."

ஒற்றைப் பிள்ளை கண்காணாத கடலுக்குப் போகக்கூடாது என்றுதான் அம்மா நினைத்தாள். அவன் தன்னையே கோழையென்று நம்பிவிடுவான் என்று நினைக்கவில்லை.

"நீ கோழை இல்ல கண்ணு. நான்தான் பாவி. மூணு தடவையும் நீ கிளம்புறப்போ குடுத்த டீயில பேதிப் பொடியக் கலந்தேன்."

கத்தப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவனோ திருதிருவென்று விழித்தான்.

"இன்னைக்குமா?"

"ஆமாடா."

"இன்னைக்கு நான் குடிக்கவே இல்லையேம்மா! லேட்டாயிடுச்சுன்னு, நீ அந்தப் பக்கம் திரும்பினதும் சிங்க்ல கொட்டிட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடினான்.

பொடி டப்பாவைக் குப்பையில் போட்டுவிடலாம். இரண்டு தடவையில் அது அவன் வயிற்றுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்?