தூரத்துப் புள்ளி

ஒரு வளைகோட்டில் முதலில் இரண்டே புள்ளிகள் இருந்தன. இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்தன. கணக்கு நுணுக்கமாக வேண்டுமென்று ஒருநாள் நடுவில் ஆயிரம் புள்ளிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அதோடு இடது புள்ளிக்குச் சிநேகிதனின் குரல் கேட்காமல் போனது.

கோட்டின் வழவழப்பை அளக்க வந்த அளவுகோல்கள் எல்லாம், "பக்கத்தில் இருப்பவனுக்கும் உனக்கும் உயரத்தில் எவ்வளவு வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தன.

ஒருமுறை அரைப்படி அளவுகோல் என்று ஒன்று வந்தது. அது ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் ஒப்பிட்டது. நெடுநேரம் கழித்து இடது புள்ளியிடம், "வலது ஓரத்தில் இருப்பவனுக்கும் உனக்கும்?" என்று கேட்டது.

இடது புள்ளி வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. "அவன் என்னைவிட ஒரு விரற்கடை உயரம். குனிந்துதான் என்னோடு பேசுவான்."

"அவ்வளவு தூரத்துக் கணக்கு எதுக்கு? விட்டுவிடு, சீக்கிரம் முடியும்," என்றது பக்கத்துப் புள்ளி.

"உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் சின்ன எண்தான் வரும்," என்றது அளவுகோல், குறித்துக்கொண்டே. "ஆனால் பூஜ்யம் வராது."