கூட்டம் பொய் சொல்லுமா?

"பொறந்தநாள் அதுவுமா இங்கதான் கூட்டிட்டு வரணுமா? வாயில வைக்க முடியலைங்க" என்று, அந்த வெளிநாட்டு நகரத்து உணவகத்தில் தட்டைத் தள்ளினாள் மனைவி.

"எங்க போனாலும் உனக்கு நொட்டை சொல்லணும்" என்றார் பொறியாளர். "சுத்திப் பாரு, அத்தனையும் உள்ளூர்க்காரங்க. வாராவாரம் இவ்வளவு கூட்டம் சும்மாவா வருது?"

"அதுக்காக நான் பட்டினி கிடக்கணுமா?"

பக்கத்து மேசையில் ஓர் உள்ளூர்ப் பெண்ணும் தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் கணவன் இவர்களை ஜாடை காட்டி ஏதோ அதட்டினான். அந்த மொழி மனைவிக்குத்தான் புரியும்.

"என்னவாம்?" என்றார் பொறியாளர்.

"அவளுக்கும் பிடிக்கலையாம். 'இது அவங்க நாட்டுச் சமையல். அவங்களே தேடி வந்து சாப்பிடறாங்க, உனக்கென்ன கேடு?'ன்னு திட்டறான்."

பொறியாளர் கரண்டியைக் கீழே வைத்தார்.

உடனே அந்தக் கணவனும் வைத்தான். பிறகு ஒவ்வொரு மேசையாகக் கரண்டிகள் ஓய்ந்தன.