வேலைக்காரி போட்ட முடிச்சு

ஹட்டனுக்கு மேலே இருந்த பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். மாலை தவறாமல் விருந்தாளிகளுக்காக ஒரே ஊமைப்படத்தைச் சுவரில் ஓட்டுவார்கள். சீமாட்டியின் நகை திருட்டுப் போகும். ஆள் மாறாட்டத்தில் பொலிஸ் வேலைக்காரியைப் பிடிக்கும்.

அன்று காலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த குணபூசணியின் மயில் பதக்கச் சங்கிலி காணாமல் போனது.

"அறையுக்குள்ளால இவ வெளிய வந்ததை என்ர கண்ணால கண்டனான்," என்று அறை கூட்டும் அம்மாக்கண்ணுவைக் காட்டினார்.

"நான் அப்ப குசினியில இருந்தேங்கம்மா."

விருந்தாளிகள் முன் ரகளை வேண்டாம், மாலைப் படம் முடிந்ததும் பொலிஸைக் கூப்பிடலாம் என்றார் மனேஜர். மாலையில் படம் ஓடத் தொடங்கியபோது அம்மாக்கண்ணு கதவோரம் நின்று பார்த்தாள்.

"ஒங்க வெள்ளைக்காரத் தங்கச்சி வந்துட்டாங்கக்கா," என்றான் படம் ஓட்டும் சுதாகரன். படத்து வேலைக்காரிக்கு அம்மாக்கண்ணுவின் ஜாடை என்பது அவனுடைய தினசரிக் கிண்டல்.

குணபூசணி எழுந்துவிட்டார். "அங்க பாருங்கோ, அது என்ர சங்கிலியெல்லே!"

நூறு வருடத்துக்கு முந்திய வேலைக்காரியின் கழுத்தில் அதே மயில் பதக்கம் ஆடியது.

"நேத்து வரைக்கும் அந்தக் கழுத்துல ஒண்ணும் இருக்கல்ல, அப்ப எடுத்தது அவதான்," என்றார் மனேஜர். "அம்மாக்கண்ணு, நீங்க போய் வேலையப் பாருங்க."

அவள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

படத்தில் பொலிஸ் கதவைத் தட்டியது. வேலைக்காரி சங்கிலியைக் கழற்றி, தோட்டத்து லயத்துப் பெண்கள் முந்தானையில் சில்லறை முடிவதுபோல, ஏப்ரன் நுனியில் வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு அம்மாக்கண்ணுவை நேராகப் பார்த்தாள்.

அம்மாக்கண்ணுவின் முந்தானை கனத்தது.

"லைட்டப் போடு, சுதாகரன்," என்றார் மனேஜர்.

அம்மாக்கண்ணு முந்தானை நுனியை முதுகுக்குப் பின்னால் இழுத்துத் தடவினாள். முடிச்சு இரண்டு இருந்தது.