கண் குளிரப் பார்க்க

"அவன் இன்னைக்கு ஒழியணும். அதை நான் கண் குளிரப் பாக்கணும்," என்றாள் தொமிதிலா.

சோச்சிமில்கோ கால்வாயில் பூப்படகு மெதுவாக ஆடியது. லீமாவிலிருந்து கணவனோடு மெக்சிகோ நகரம் பார்க்க வந்திருந்த ஒர்த்தென்சியாவுக்கு, வாயில் வைத்த சுட்ட சோளம் இறங்கவில்லை. ஊர் சுற்றிக் காட்ட அமர்த்திய பெண் காலங்கார்த்தால கொலைப் பேச்சு பேசினால் யாருக்குத்தான் இறங்கும்?

"யாரும்மா அது, உன் புருசனா?"

"ஐயோ, அந்த மனுசன் தங்கம்." வெளியூர் பஸ் ஓட்டுகிற எவரிஸ்தோ ஞாயிற்றுக்கிழமைகூட வீடு தங்க மாட்டான். அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

அவள் கறுவிக்கொண்டிருந்தது கருந்தேளின் மேல். முகமூடி போட்டு மல்யுத்தம் செய்கிறவன். அவன் பெயர் ஊருக்கே தெரியும், முகம் ஒருவருக்கும் தெரியாது. முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றவன் அரங்கிலேயே அதைக் கழற்றி, சொந்தப் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்ல வேண்டும். அந்த முகமூடியை அப்புறம் சாகும்வரை போட முடியாது.

செம்மின்னல் என்ற பெயரில் கொடிகட்டிப் பறந்த அவளுடைய அப்பாவை அப்படி நிற்க வைத்தவன் கருந்தேள். மறுவாரம் மார்க்கெட்டில் யாரோ, "இந்தத் தொப்பைக் கிழவனா செம்மின்னல்?" என்று சிரித்தான். அன்றைக்குப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த ரசிகர்களில் ஒருவன் அவளைவிட அதிகமாக அழுதான். அவனைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் எத்தனையோ பேரை அரங்கு வாசல்வரை கூட்டிப் போயிருக்கிறாள். உள்ளே கால் வைத்ததில்லை. இன்றைக்கு வைக்கப் போகிறாள், ஏனென்றால் கருந்தேள் யாரும் கேட்காமலே தன் முகமூடியைப் பந்தயம் வைத்திருந்தான். தெய்வம் அவன் கொழுப்பை அடக்கத்தான் இப்படிப் புத்தி கொடுத்திருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

முதல் வரிசை டிக்கெட்டைக் காலையில் எவரிஸ்தோதான் நீட்டினான். "டிப்போவுல ஒருத்தன் குடுத்தான். போய்ட்டு வா தொமி, உன் மனசு ஆறட்டும்," என்றான்.

அன்று ஊர் பார்த்த லட்சணம் இருக்கிறதே! சப்புல்தெபெக் கோட்டையை ஓட்டமும் நடையுமாக முடித்தாள். பெரிய தேவாலயத்தில் பலிபீடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெழுகுவத்தி ஏற்றி, தேள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தாக்கோவைக்கூட நடந்துகொண்டே தின்ன வைத்தாள்.

சாயங்காலம் அரங்கில் இறங்கிய கருந்தேள் நன்றாகத்தான் ஆடினான். வெள்ளிப் பருந்து என்ற இளவட்டத்தைக் கயிற்றுக்கு மேலே தூக்கி வீசினான். தொமிதிலா தொண்டை கிழியக் கத்தினாள். அவன் ஒவ்வொரு முறை அடி வாங்கும்போதும் இன்னும் ஒன்று போடு என்றாள். அந்த வெறி ஒர்த்தென்சியாவையும் தொற்றிக்கொண்டது.

கடைசியில் பருந்து மேலே பாய்ந்து அமுக்க, நடுவர் தரையைத் தட்டி எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை கருந்தேள் புரளக்கூட இல்லை.

ஒர்த்தென்சியாவின் கணவன், "திமிறவே இல்லையே," என்று முணுமுணுத்தார். யார் காதிலும் விழவில்லை.

கருந்தேள் இவர்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, முகமூடியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். தொமிதிலா நாற்காலி மேல் ஏறி நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பேரைச் சொல்லுடா! எங்கப்பாவைச் சொல்ல வெச்சியே, அதே மாதிரி சொல்லு!"

முகமூடி தரையில் விழுந்தது. அவன் மைக்கை வாங்கினான்.

"எவரிஸ்தோ பினேதா. ஊர் பச்சூக்கா."

பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரிசைப் பக்கம் திரும்பினான்.

"கண் குளிரப் பாத்தியா, தொமி?"