முள் இல்லாத மரம்

செம்மஞ்சள் நிற மிதவை நெருங்கிக்கொண்டிருந்தது. கனகலட்சுமிக்கு முன்னே மூன்று படகுகள் சென்றன.

முதல் இருவருக்கு மட்டுமே இந்திய அணியில் இடம் உண்டு.

உள்ளங்கைகளில் அவள் சுற்றியிருந்த இராஜபாளையத்துக் காஸ் துணி, காயம் கட்டும் மெல்லிய துணி, உப்பு நீரில் ஊறித் தளர்ந்துவிட்டது. அதனை இறுக்கிக் கட்டுவதற்கு நேரமில்லை.

தூத்துக்குடிக் கடலில் அந்த மிதவையைச் சுற்றித் திரும்பிக் கரை சேர வேண்டும், பந்தயம் அவ்வளவே. ஆனால், அவர்கள் செலுத்தியது சர்ஃப்ஸ்கீ என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகு. ஏறத்தாழ நான்கு ஆள் நீளம், ஓர் ஆளின் இடுப்பகலம். அலைமீது நேரே ஓட விரும்பும் அந்தப் படகு, திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

முன்னே சென்ற மூவரும் கடலிலேயே பழகியவர்கள். வேகத்தைக் குறைக்க மனமின்றி, மிதவையை விட்டு விலகி, அகன்று வளையத் தொடங்கினர்.

கனகலட்சுமிக்கு அகன்று வளைந்து பழக்கமில்லை.

அவள் பயின்றது வன்னியம்பட்டிக் கண்மாயில். இராஜபாளையத்தில் காவலர் பணி. நாள்தோறும் கடலுக்குச் சென்றுவர இயலாது. ஆதலால், விடியலில் கண்மாய், பின்னர்க் காவல் நிலையம். கண்மாயின் நடுவே நீரில் நின்ற ஒரு கருவேல மரமே அவளுக்கு மிதவை.

மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடந்தது. தை பிறந்ததும் நீர்ப்பாய்ச்சி வேல்பாண்டி மடையைத் திறந்தார். வயல்களுக்கு முறைவைத்து நீர் விடுவது அவருடைய பொறுப்பு. மடைச் சாவி எந்நேரமும் அவர் இடுப்பிலேயே தொங்கும். ஒருவர்க்கும் அதனைக் கொடார்.

நீர் இறங்க இறங்க, அவளுடைய வட்டமும் குறுகியது. அகன்று வளைந்தால் சுக்கான் சேற்றில் குத்தி நின்றது. நெருங்கி வளைந்தால் கருவேல முள் தோளைக் கிழித்தது.

நீர் விலகிய இடமெல்லாம் சேறாயிற்று. படகின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் கணவரும் சுமந்து, முழங்கால் புதைய அதனைக் கடந்தனர்.

புல்லறுக்க வந்த பெண்கள் கரையில் நின்று சிரித்தனர். “ஏட்டி போலீசு, கப்பலு எப்பக் கொழும்புக்குப் போவுது?”

சிரிப்பைப் பொறுத்துக்கொண்டாள். மடையைப் பொறுக்க இயலவில்லை. ஒரு நாள் மடைமேல் நின்ற வேல்பாண்டியிடம் கேட்டேவிட்டாள்.

“பந்தயம் முடியிற வரைக்கும் மடைய அடைச்சு வச்சா என்ன?”

“பந்தயம்னா பயிருக்கு என்னட்டி தெரியும்? இப்பத்தான் பால் பிடிக்குது. கம்மா சுருங்குனா நீயும் சுருங்கித் திரும்பு.”

அன்று முதல், மடையில் நீர் இரையும் ஓசை கேட்கும்போதெல்லாம் அந்த மனிதரை மனத்துக்குள் வைதுகொண்டேதான் துடுப்பு வலித்தாள்.

இப்பொழுது மிதவை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

இடக்காலால் சுக்கான் மிதியை அழுத்தினாள். இடுப்பை மறுபுறம் சாய்த்தாள். படகு சரிந்து, மிதவையை உரசினாற்போல் சுழன்றது.

முள் இல்லாத மரம். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். முன்னே ஒரே ஒரு படகு. மற்ற இரண்டும் தம் அகன்ற வளைவை இன்னும் முடிக்கவில்லை.

காற்று முதுகுப்புறம் வந்தது. ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கி அடுத்த அலையிடம் கொடுத்தது. பின்னால் துடுப்பொலி நெருங்கியது; விலகியது; மீண்டும் நெருங்கியது. கரை வரையிலும் அவளுக்குள் ஒரே எண்ணம்தான்: அந்தக் கண்மாய் வற்றாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஒலிபெருக்கி இரண்டாம் இடத்துக்கு அவளுடைய பெயரைச் சொன்னது.

முழங்காலளவு நீரில் இறங்கினாள். படகின் முன்முனையைப் பற்றினாள்.

மறுமுனை தானாக எழுந்தது.

திரும்பிப் பார்க்காமலே அது தன் கணவர் என்று அவளுக்குத் தெரியும். ஆயினும் திரும்பினாள். முழங்கால் வரை வேட்டி நனைய நின்றார் அவர். இடுப்பில் மடைச் சாவி தொங்கியது.

நன்றி சொல்லவே வாயெடுத்தாள். வந்த சொல் வேறு.

“மடை?”

“அடைச்சுட்டுத்தான் வந்தேன். இன்னைக்கு ஒரு நா பயிரு பொறுக்கும்.” வேல்பாண்டி படகைத் தோளுக்கு ஏற்றினார். “நாளைக்கு வெள்ளனத் தொறக்கணும். வெரசா நட, ஏட்டி.”