மீந்துபோன பாட்டில்கள்

மாடிப்படிக்கு அடியில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டைப்பையைப் பார்த்ததும் சுவேதாவுக்குச் சுருக்கென்றது.

வீட்டு வேலைக்கு வரும் செல்லாயிடம் நேற்று தன் கையாலேயே கொடுத்த பை. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

சுவேதாவுக்கு இது மூன்றாவது மாதம். போன வாரம் கடலூரில் டாக்டரம்மா, வீட்டில் என்னென்ன புழங்குகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாத்ரூம் ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், பூச்சி ஸ்ப்ரே எதன் பக்கமும் போக வேண்டாம் என்றார். முகம் வெளுக்கப் பூசும் க்ரீமில் பாதரசம்கூட இருக்கலாம், அதையும் விட்டுவிடச் சொன்னார்.

சிதம்பரம் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினாள். பாதிகூடத் தீராத பாட்டில்கள். தூக்கிப் போட மனசு வரவில்லை. செல்லாயிக்காவது உதவட்டுமே என்று நினைத்தாள்.

அதற்கு இந்த மரியாதை. நல்லதுக்கே காலமில்லை என்று கணவன் அன்பரசுவிடம் புலம்பித் தீர்த்தாள். வேறு ஆள் பார்த்துவிடலாம் என்றுகூடச் சொன்னாள்.

மறுநாள் காலை செல்லாயி வந்து துடைப்பத்தை எடுத்தாள்.

“செல்லாயிக்கா, வேணாம்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல. ஆசையா குடுத்தத இப்படிப் போட்டுட்டுப் போனா என்ன அர்த்தம்?”

செல்லாயி துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். குரலில் கோபமில்லை.

“குடுக்கும்போது வேணாம்னா உங்க மனசு கஷ்டப்படும்னுதான் வாங்கிக்கிட்டேன். டாக்டரம்மா சொன்னத நீங்க போன்ல உங்கம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தது காதுல வுழுந்துச்சு. எங்க வூட்டுலயும் மருமவ மாசமா இருக்காம்மா.”

சுவேதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. போய் அணைத்துவிட்டு வந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அப்படியென்றால் குப்பைத் தொட்டியிலாவது போட்டிருக்கலாமே என்றாள்.

“போடலாம்னுதான் தொட்டி வரைக்கும் எடுத்துட்டுப் போனேன். நம்ம தெருவுல குப்ப அள்ளுற பொண்ணு வெறுங்கையாலதாம்மா அள்ளுது. அது மேல பட்டுட்டா என்னா பண்றதுன்னு திரும்ப எடுத்தாந்துட்டேன். எங்க கொட்டுறதுன்னு எனக்குத் தெரியல. படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்.”